ஆய்வகத்துக்குள் மானிடவியல் களப்பணி: அனுமதி கேட்பதிலிருந்து வரைவைத் திருப்பிக் காட்டுவது வரை

அறிவியலும் தொழில்நுட்பமும் அன்றாடம் எப்படி நடக்கின்றன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுத நினைப்பவர்களுக்கானது இது. ஆய்வகம், மென்பொருள் குழு, கருவிப் பழுது பார்க்கும் இடம், மருத்துவமனையின் ஸ்கேன் அறை, எதுவானாலும் வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் இரண்டு உயிரியல் ஆய்வகங்களிலும் ஒரு கருவிப் பராமரிப்புக் குழுவிலும் களப்பணி செய்திருக்கிறேன். அப்புறம் பல மாணவர்கள் முதல்முறை களத்துக்குப் போய்த் தடுமாறுவதையும் பார்த்திருக்கிறேன். கோட்பாடு தெரியாமல் தடுமாறியவர்கள் குறைவு. செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்தவர்கள்தான் அதிகம். நேர்காணலை முதல் வாரமே எடுத்துவிடுவார்கள், களக்குறிப்பை மாதக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

முதலில் நேரம். ஒரு சோதனை தொடங்கி முடிவதைக் குறைந்தது மூன்று நான்கு முறை பார்க்கும் அளவுக்கு நாட்கள் வேண்டும். ஒரே முறை பார்த்தால் எது வழக்கம், எது அன்றைக்கு மட்டும் நடந்தது என்று பிரிக்க முடியாது. கலிஃபோர்னியாவின் சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில், அறிவியலாளர்களின் வேலையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் புரூனோ லத்தூர் 1975 அக்டோபரிலிருந்து 1977 ஆகஸ்ட் வரை ஒரே ஆய்வகத்தில் இருந்தார். எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் என்பது முதுகலை ஆய்வுக்குத் தாங்கும். இரண்டு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவது தாங்காது.

அடுத்து, துறையின் அடிப்படைச் சொற்கள். இளங்கலைப் பாடநூல் ஒன்று, அந்த ஆய்வகம் வெளியிட்ட கட்டுரைகள் ஐந்து படித்துவிட்டுப் போங்கள். கட்டுரையில் செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். முடிவுகள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தக் கருவி, எந்தப் பொருள், எது முதலில் என்று தெரிந்தால், முதல் நாள் கண்ணை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

பாதுகாப்புப் பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதும் நோட்டு உள்ளே வரலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். தூசி வடிகட்டப்பட்ட அறைகளில் சாதாரணக் காகிதத்தை அனுமதிக்க மாட்டார்கள், அதிலிருந்து நார் உதிரும். நோய்க்கிருமிகளைக் கையாளும் அறைக்குள் போன நோட்டு திரும்ப வெளியே வராமலே போகலாம். இது தெரியாமல் போய், முதல் நாள் முழுக்க ஒரு வரிகூட எழுத முடியாமல் திரும்பிய மாணவரை எனக்குத் தெரியும்.

1. கேள்வியில் ஒரு வினைச்சொல் இருக்கட்டும்

"செயற்கை நுண்ணறிவில் பாரபட்சம்" என்பது தலைப்பு. அதைக் களத்தில் பார்க்க முடியாது. "செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கும் படங்களுக்குப் பெயரிடுபவர், எந்தப் பெயர் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்கிறார்?" என்பதைப் பார்க்கலாம். யார், எதை, எப்போது செய்கிறார் என்று கேட்கும்படி கேள்வியைத் திருத்தி எழுதுங்கள்.

காரணம் எளிது. "அறிவியல் புறவயமானதா?" என்ற கேள்வியோடு உள்ளே போனால், பார்ப்பதெல்லாம் அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ மாறிவிடும். "இந்த அளவீட்டை நம்பலாம் என்று இங்கே எப்படி முடிவு செய்கிறார்கள்?" என்று போனால், மேசையில் நடப்பது கண்ணில் படும்.

கேள்வி களத்தில் மாறும், மாறட்டும். மாறிய தேதியையும் எது மாற்றியது என்பதையும் மட்டும் எழுதி வையுங்கள். பிற்பாடு முன்னுரை எழுதும்போது அந்த இரண்டு வரிதான் கை கொடுக்கும்.

2. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

பெயர் பெற்ற ஆய்வகம்தான் வேண்டும் என்று அலையாதீர்கள். நீங்கள் நிற்க இடமும், ஆட்கள் வேலை செய்துகொண்டே பேசும் பழக்கமும், புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் இருக்கும் இடமாகப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்கும்போதுதான், பழகியவர்கள் சொல்லாமலே விடுகிற விஷயங்களை வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடத்தும் துகள் இயற்பியல் சோதனை போன்றவற்றை ஓர் அறையில் நின்று பார்க்க முடியாது. அங்கே ஒரு கருவிப் பாகத்தையோ, வாராவாரம் நடக்கும் ஒரு கூட்டத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

3. அனுமதியை மூன்று படியாக வாங்குங்கள்

நீங்கள் சார்ந்த நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில். அது கையில் இல்லாமல் எழுதிய குறிப்பைப் பின்னால் பயன்படுத்த முடியாமல் போகலாம். அடுத்து ஆய்வகத் தலைவர். அதற்குப் பிறகு, அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, தலைவர் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் வேலை நீட்டிப்புக்கும் தலைவரை நம்பியிருப்பவர், அவர் முன்னால் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல மாட்டார். அவர் கொடுத்த ஒப்புதலை ஒப்புதலாகக் கணக்கில் எடுக்க முடியாது.

நானும் இந்தத் தவறைச் செய்தேன். என் முதல் களத்தில் தலைவர் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், நான் அதோடு விட்டுவிட்டேன். மூன்று வாரம் வரை டெக்னீஷியன் ஒருவர் நான் அறைக்குள் வந்ததுமே ஏதாவது காரணம் சொல்லி வெளியே போய்விடுவார். யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். என் நோட்டைத் திறந்து அவரிடமே காட்டினேன். அதன்பிறகுதான் பேசினார். அந்த ஆய்வகத்தில் எந்தக் கருவி எப்போது மக்கர் செய்யும் என்று முழுமையாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: வெளியிடாத தரவைப் பற்றி எவ்வளவு எழுதலாம், காப்புரிமை சம்பந்தப்பட்ட பேச்சின்போது நீங்கள் வெளியே போக வேண்டுமா, இறுதி வரைவை யார் பார்ப்பார்கள். பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிறிய துறையில் கருவியையும் ஆய்வுப்பொருளையும் சொன்னாலே யாருடைய ஆய்வகம் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

4. முதல் இரண்டு வாரம்: வரைபடம், பட்டியல், ஒரு சின்ன வேலை

இந்தக் காலத்தில் நேர்காணல் வேண்டாம். அறையின் வரைபடம் வரையுங்கள். எந்த மேசை யாருடையது, எந்தக் கருவிக்கு முன்பதிவுத் தாள் ஒட்டியிருக்கிறது, எதற்குப் பூட்டு, எங்கே கூடிப் பேசுகிறார்கள். முன்பதிவுத் தாள் ஒன்றே பல விஷயம் சொல்லும். அடித்து மாற்றிய பெயர்களைப் பார்த்தால் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரியும்.

அப்புறம் ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள். குழல்களுக்கு எண் எழுதுவது, கரைசல் கலக்கிக் கொடுப்பது போன்றவை போதும். லத்தூரும் சால்க்கில் பகுதிநேர டெக்னீஷியனாக வேலை செய்தார். வேலை இருந்தால் அங்கே நிற்பதற்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. உங்கள் கையே தவறு செய்யும்போது, "இதை அப்படிப் பிடிக்காதே" என்று யாராவது சொல்வார்கள். எந்தச் செய்முறைத் தாளிலும் அந்த வாக்கியம் இருக்காது.

5. ஒரே ஒரு பொருளைக் கடைசி வரை பின்தொடருங்கள்

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஆட்களைப் பின்தொடர்ந்தால் ஆட்களின் கதை கிடைக்கும். ஒரு பொருளைப் பின்தொடர்ந்தால், உலகத்தின் ஒரு துண்டு எப்படிக் கட்டுரையில் வரும் எண்ணாகிறது என்பது கிடைக்கும்.

ஒரு திசு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வெட்டப்படும் இடத்தில் தொடங்கி குழல், மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர், அரைப்பது, சென்ட்ரிஃப்யூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி), அளவீட்டுக் கருவி, எக்ஸெல் தாள், வரைபடம், கட்டுரை வரைவு வரை கூடவே போங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து கேள்விகள் போதும். யார் கையில் இருக்கிறது? இதில் இப்போது எதை விட்டுவிட்டார்கள்? எதைப் புதிதாகச் சேர்த்தார்கள்? எங்கே பதிவானது? சந்தேகம் வந்தபோது எதைப் பார்த்துத் தீர்த்தார்கள்?

என் இரண்டாவது களத்தில் எழுதிய குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன்:

"4.10. மாணவி ஃப்ரீசர் பெட்டியை ஐஸ் மேல் வைத்துத் திறக்கிறார். 'ஐயோ.' ஏழு குழல்களின் மூடியில் எழுத்து இல்லை. எத்தனால் பட்டு மார்க்கர் மை அழிந்திருக்கிறது. ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்க்கிறார். அங்கே பாதி எழுத்து, 3 அல்லது 8. குறிப்பேட்டைப் புரட்டுகிறார். பெட்டியில் அடுக்கிய வரிசை எழுதப்படவில்லை. 'நான் எப்பவும் இடது மேல் மூலையிலிருந்துதான் வைப்பேன்' என்கிறார். 4.18. மூத்த ஆய்வாளர் வருகிறார். இரண்டு குழல்களை ஒன்றாக உயர்த்தி உள்ளே இருக்கும் அளவை ஒப்பிடுகிறார். 'எட்டாவதுலேருந்துதானே போன வாரம் எடுத்தோம், இது குறைவா இருக்கு.' 4.25. ஐந்து குழல்களுக்கு மறுபடி எண் எழுதுகிறார்கள். இரண்டைத் தனியே வைக்கிறார்கள். குறிப்பேட்டில்: '2 மாதிரிகள் விலக்கப்பட்டன.'"

இந்தப் பதினைந்து நிமிடத்தில் அடுக்கும் பழக்கம், போன வாரம் எடுத்த அளவின் நினைவு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்து ஐந்து மாதிரிகளைக் காப்பாற்றின. குறிப்பேட்டில் மிஞ்சியது ஒரே வரி, கட்டுரையில் மாதிரிகளின் எண்ணிக்கை மட்டும். பின்தொடராமல் இருந்திருந்தால் இதில் எதுவும் எனக்குத் தெரிந்திருக்காது.

புதியவர்கள் இப்படி ஒன்றைப் பார்த்ததும் "அறிவியலின் குட்டு வெளிப்பட்டது" என்று எழுத ஆசைப்படுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நிச்சயமில்லாத இரண்டை அவர்கள் ஒதுக்கினார்கள் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. எது போதுமான நிச்சயம் என்று அந்த அறை எப்படி முடிவு செய்தது என்பதுதான் நமக்கான பொருள்.

6. களக்குறிப்பு: அன்றைக்கே, அன்றைக்கே

களத்தில் எழுதுவது வெறும் கிறுக்கல். நேரம், ஒரு சொல், சொன்ன வாக்கியம், அவ்வளவுதான். அதை முழுக் குறிப்பாக விரித்து எழுதுவது அன்று இரவே நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அதனால் நாள் முழுக்கக் களத்தில் இருக்காதீர்கள். மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுப் போய் எழுதுங்கள். தூங்கி எழுந்தால் நிகழ்ச்சியின் வரிசை கலைந்து, நமக்குப் பிடித்த விளக்கம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கண்டது, கேட்டது, நான் நினைத்தது. மூன்றும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது உங்கள் ஊகம் என்று உங்களுக்கே தெரியாது.

மாணவர்களின் குறிப்பில் நான் அதிகம் அடிக்கும் வாக்கியம் "அவர் கவனமாக வேலை செய்தார்" என்பதுதான். கவனம் கண்ணுக்குத் தெரியாது. பிபெட்டின் (திரவத்தை அளந்து எடுக்கும் குழாய்) முனையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், குமிழி இருந்ததால் திரவத்தைத் திரும்ப விட்டார், மறுபடி எடுத்தார். அது தெரியும், அதை எழுதுங்கள்.

7. வேலை கெட்டுப்போகும் நாளில் வீட்டுக்குப் போகாதீர்கள்

"இன்றைக்குக் கருவி ஓடவில்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்வார்கள். இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். எல்லாம் சரியாக ஓடும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்யும், யாரும் எதுவும் பேச மாட்டார்கள். கெட்டுப்போனால்தான் எதை நம்பி இருந்தோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் சோதிக்கிறார்கள்.

ஜெராக்ஸ் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களோடு களப்பணி செய்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர், அவர்கள் கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை என்று காட்டினார். முன்பு பழுது பார்த்த இயந்திரங்களைப் பற்றி ஒருவருக்கொருவர் கதை சொல்லித்தான் புதிய கோளாறைப் பிடித்தார்கள். என் பராமரிப்புக் குழுவிலும் இதையே கண்டேன். தேநீர் இடைவேளையில் நான் நோட்டை மூடிவைத்திருந்த நாட்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வகை லேசரை வெளியான கட்டுரைகளை மட்டும் படித்து யாராலும் ஓட வைக்க முடியவில்லை என்று கண்டார். ஏற்கெனவே ஓட வைத்தவர்களோடு நேரடித் தொடர்பு இருந்தவர்களுக்கே அது கைகூடியது. கை வந்த கலையை எழுத்து முழுவதும் சுமக்காது. ஆகவே "இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

தோல்வியைக் கேட்கும் அதே கேள்விகளை வெற்றியிடமும் கேட்க வேண்டும். பிழையான முடிவுக்கு மட்டும் அவசரம், போட்டி, பணம் என்று காரணம் தேடிவிட்டு, சரியான முடிவுக்கு "உண்மை அதுதான்" என்று விட்டால், ஆய்வு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். "இது சரி என்று எப்போது நம்பினீர்கள், அதற்கு முன் என்ன சந்தேகம் இருந்தது?" என்று இரண்டையும் ஒரே மாதிரி கேளுங்கள்.

8. வேலை திரைக்குள் நடந்தால்

மென்பொருள், தரவு ஆய்வுக் குழுக்களில் அறையைப் பார்த்தால் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். பக்கத்தில் அமர்ந்து திரையைப் பாருங்கள். நிரலின் மாற்ற வரலாற்றை வாசிக்க அனுமதி கேளுங்கள். எதை எழுதி, எதை அழித்தார்கள் என்று அதில் இருக்கும்.

தனியாக வேலை செய்பவரிடம் "நினைப்பதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்றால் செயற்கையாகிவிடும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மானிடவியலாளர் லூசி சச்மன் நகலெடுக்கும் இயந்திரத்தை இரண்டிரண்டு பேராகப் பயன்படுத்த வைத்துப் படம்பிடித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதால், என்ன புரிந்தது, எங்கே குழம்பினார்கள் என்பதெல்லாம் பேச்சிலேயே வந்துவிடுகிறது.

9. நேர்காணல் இப்போது

மூன்றாவது மாதத்துக்குப் பிறகு எடுங்கள். அதற்குள் எதைக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவர்களுக்கும் உங்களிடம் பாடநூல் பதில் சொல்லத் தோன்றாது.

ஒரு பொருளை நடுவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "அன்றைக்கு எழுதிய குறிப்பேட்டுப் பக்கத்தைக் காட்ட முடியுமா?" என்பதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. "ஏன் செய்தீர்கள்?" என்றால் குற்றம் சாட்டியதுபோல் கேட்கும், தற்காத்துக்கொள்வார்கள். "எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் காரணம் தானாகவே வரும்.

கட்டுரையில் பெயர் வராதவர்களிடமும் பேசுங்கள். கண்ணாடிப் பாத்திரம் கழுவுபவர், பொருள் வாங்கும் அலுவலர், விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். இவர்களை விட்டுவிட்டு எழுதிய ஆய்வு பாதி ஆய்வுதான்.

10. வரைவுகளைச் சேகரியுங்கள்

ஒரே கட்டுரையின் முதல் வரைவும் ஏழாவது வரைவும் கிடைத்தால் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். "காட்டுகிறது" எங்கே "காட்டுவதுபோல் தெரிகிறது" ஆனது, யார் எழுதிய குறிப்புக்குப் பிறகு? ஒரு கூற்று உறுதியாவதும் தளர்வதும் இப்படி ஒரு வினைச்சொல்லில் நடக்கிறது. மின்னஞ்சல்களைப் படிக்கத் தனி அனுமதி வேண்டும். முன்பு வாங்கியதே போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

11. பகுப்பாய்வை வாராவாரம் செய்யுங்கள்

களம் முடிந்தபின் உட்கார்ந்து யோசிக்கலாம் என்று விட்டால், கேட்க மறந்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. வாரக் கடைசியில் இரண்டு பக்கம் எழுதுங்கள். இந்த வாரம் எது என்னை ஆச்சரியப்படுத்தியது, எந்த நிகழ்ச்சி என் விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை.

குறிப்புகளைத் தலைப்பிட்டுப் பிரிக்கும்போது "அதிகாரம்", "நம்பிக்கை" போன்ற பெரிய பெயர்களை ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள். "திரும்ப அளப்பது", "ஒதுக்கி வைப்பது", "மற்றவரைக் கூப்பிடுவது" என்று செயல்களாகவே வையுங்கள். பெரிய சொல் வேண்டுமானால் கடைசியில் அதற்கான இடம் தெரியும். முதலிலேயே வந்துவிட்டால் அடியில் இருக்கும் வேறுபாடுகளை மூடிவிடும்.

12. வரைவைத் திருப்பிக் காட்டுவது

வெளியிடும் முன் ஆய்வகத்தாருக்கு வரைவைக் கொடுத்து ஒரு தேதி சொல்லுங்கள். வரும் பதில்களை மூன்றாகப் பிரியுங்கள். தகவல் பிழை என்றால் திருத்துங்கள். ஒரு விவரம் வெளியே போனால் ஒருவருக்குத் தீங்கு வரும் என்றால் எடுத்துவிடுங்கள் அல்லது மாற்றுங்கள். உங்கள் விளக்கத்தை ஏற்கவில்லை என்றால், அந்த மறுப்பை அவர்கள் சொற்களிலேயே கட்டுரைக்குள் சேருங்கள். மூன்றுக்கும் ஒரே பதில் கொடுப்பவர்கள், ஒன்று எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள், இல்லை எதையும் மாற்ற மறுக்கிறார்கள்.

மாணவியின் குழல் கதையை நான் முதலில் அவரிடம்தான் காட்டினேன். அவர் ஒரு வரியைத் திருத்தினார். ஒதுக்கி வைத்த இரண்டையும் பிறகு ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டே தூக்கிப் போட்டார்களாம். நான் போன பிறகு நடந்தது அது.

எல்லாம் முடிந்ததும், உண்மைப் பெயர்களையும் மாற்றுப் பெயர்களையும் இணைக்கும் பட்டியலை நெறிமுறைக் குழுவிடம் சொன்ன தேதியில் அழித்துவிடுங்கள். அழித்ததை ஒப்புதல் கொடுத்தவர்களுக்குத் தெரிவியுங்கள்.